இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி மாட்டிய பின் வரும் கோளாறுகள்: அறிகுறியைக் கொண்டு காரணத்தைப் பிடிக்கும் முறை

காற்றை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்துக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டு தானாகக் கெட்டுப்போவது குறைவு. பெரும்பாலும் அதன் பின்னால் மறைந்திருக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாரையோ நாக் சென்சாரையோ ஒரு கூலன்ட் ஹோஸையோ எடுப்பதற்காகத்தான் அதைக் கழற்றுகிறோம். வேலை முடிந்து மாட்டிய பிறகு வண்டி முன்பு இல்லாத ஒரு புகாருடன் நின்றால், உடனே இணைப்பில் கசிவை அடைக்கும் கேஸ்கட்டின் மேல் சந்தேகப்பட்டு மறுபடியும் எல்லாவற்றையும் பிரித்துவிடுகிறார்கள். அப்படிப் பிரிப்பதால் எந்த இடத்தில் தவறு நடந்தது என்பதற்கான தடயமும் சேர்ந்து அழிந்துவிடுகிறது. ஆகவே ஸ்பேனரை எடுப்பதற்கு முன் அறிகுறியை முழுவதுமாகக் கவனிக்க வேண்டும். கீழே சொல்வது, இன்ஜெக்டர்கள் மேனிஃபோல்டின் வாய்ப்பகுதியில் பெட்ரோலைத் தெளிக்கும் சாதாரண நான்கு சிலிண்டர் இன்ஜினுக்கானது. பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் செலுத்தும் புதிய இன்ஜின்களில் எரிபொருள் அழுத்தம் 100 பாருக்கு மேல் போகும் என்பதால், அவற்றின் பெட்ரோல் குழாய்களைத் திறப்பதற்கான முறை வேறு.

கழற்றும்போதே விதைக்கப்படும் கோளாறுகள்

இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பெட்ரோல் பம்பின் ஃபியூஸையோ ரிலேயையோ பிடுங்கிவிட்டு, இன்ஜினை அது தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, பிறகு இரண்டு மூன்று விநாடி செல்ஃப் அடித்தால் குழாயில் இருக்கும் அழுத்தம் இறங்கிவிடும். அதன் பின் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். பல வண்டிகளில் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் குழாயான ஃபியூவல் ரெயிலையும் இன்ஜெக்டர்களையும் மேனிஃபோல்டோடு சேர்த்தே வெளியே எடுத்துவிடலாம்; தேவையில்லாமல் இன்ஜெக்டரை உருவாதீர்கள், உருவினால் அதன் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளைப் புதிதாகப் போட்டே ஆக வேண்டும். எந்த ஹோஸ் எங்கிருந்து வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று நம்பாமல், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய டேப் ஒட்டி, நான்கு பக்கத்திலிருந்தும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது நல்லது.

எல்லா போல்ட்டும் எடுத்த பிறகும் மேனிஃபோல்டு அசையவில்லை என்றால், அடியில் இன்ஜின் பிளாக்கோடு இணைக்கும் தாங்குப் பட்டை ஒன்று இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றே பொருள். மேலிருந்து பார்த்தால் அது கண்ணில் படாது. அதைத் தேடாமல் பெரிய ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினால், பிளாஸ்டிக் மேனிஃபோல்டு விரிசல் விடும், அலுமினிய மேனிஃபோல்டின் முகத்தில் கீறல் விழும். கீறல் விழுந்த இடம் அடுத்த வாரமே காற்றுக் கசிவாகத் திரும்பி வரும்.

மேனிஃபோல்டு வெளியே வந்தவுடன் சிலிண்டர் ஹெட்டின் நான்கு துவாரங்களையும் சுத்தமான துணியால் அடைக்க வேண்டும். கண்ணைப் பறிக்கும் நிறத்தில் நான்கே நான்கு துணிகளை எண்ணி எடுத்து, ஒவ்வொன்றின் வாலும் வெளியே தொங்கும்படி விடுங்கள். பழைய கேஸ்கட்டைப் பிளாஸ்டிக் அல்லது மரச் சுரண்டியால்தான் எடுக்க வேண்டும். டிரில்லில் மாட்டும் உராய்வு வட்டுகளால் முகத்தைத் தேய்ப்பது மிகவும் தவறான பழக்கம். அந்த வட்டிலிருந்து உதிரும் துகள் எண்ணெயில் கலந்து பேரிங்குகளைத் தின்றுவிடும்.

மாட்டும்போது, முதலில் எல்லா போல்ட்டையும் கையாலேயே மரை பிடிக்கும் வரை திருகி, பிறகு நடுவிலிருந்து இரு ஓரங்களுக்குமாக இரண்டு மூன்று சுற்றுகளில் முறுக்க வேண்டும். எம்8 போல்ட்டுக்கு ஏறத்தாழ 20 முதல் 25 நியூட்டன் மீட்டர், எம்6 போல்ட்டுக்கு 10 அளவில் என்பது வழக்கமான அளவு. இருந்தாலும் உங்கள் இன்ஜினின் மேனுவல் சொல்லும் எண்ணே இறுதியானது, பிளாஸ்டிக் மேனிஃபோல்டில் அதைத் தாண்டவே கூடாது. அடியிலுள்ள தாங்குப் பட்டையைக் கடைசியாகத்தான் முறுக்க வேண்டும். அதை முதலில் இறுக்கிவிட்டால் அது மேனிஃபோல்டைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மேலே எவ்வளவு முறுக்கினாலும் முகம் ஹெட்டோடு சமமாகப் படியாது.

ஸ்டார்ட் ஆகவே இல்லை

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால், சாவியை ஆன் செய்து பெட்ரோல் பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். அழுத்தம் இறக்குவதற்காகப் பிடுங்கிய ஃபியூஸ் மேஜை மேலேயே கிடப்பது நாம் நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது. அடுத்து, எர்த் வயர். பல வண்டிகளில் இன்ஜின் கணினியின் எர்த் வயர் மேனிஃபோல்டின் மேல் ஒரு போல்ட்டில்தான் பிடிக்கப்பட்டிருக்கும். அது தொங்கிக்கொண்டிருந்தால் ஸ்பார்க்கும் வராது, இன்ஜெக்டரும் திறக்காது. கணினியின் பிழைகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்தாறு பிழைக் குறியீடுகள் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். அந்த நிலையில் சென்சார்களை ஒவ்வொன்றாகச் சந்தேகிக்காமல், முதலில் எர்த்தைத் தேடுங்கள்.

இவை இரண்டும் சரியாக இருந்தும் பிடிக்கவில்லை, அல்லது பிடித்து உடனே அணைகிறது என்றால், துணிகளை எண்ணுங்கள். நான்கில் மூன்றுதான் கையில் இருக்கிறதென்றால், செல்ஃப் அடிப்பதை அந்த நொடியே நிறுத்த வேண்டும்.

ஸ்லோ ஸ்பீடு ஏறிப்போய் நிற்கிறது, அல்லது ஏறி ஏறி இறங்குகிறது

ஸ்லோ ஸ்பீடு என்பது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம். மேனிஃபோல்டு வேலைக்குப் பின் வரும் புகார்களில் இதுவே முதலிடம். இங்கே நிதானமாக யோசிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. காற்றை அளவோடு உள்ளே விடும் த்ராட்டிலைத் தவிர வேறு வழியாகக் காற்று உள்ளே நுழைகிறது என்பது சரி. அந்தக் காற்றை இன்ஜின் கணினி கணக்கில் எடுத்துக்கொண்டதா இல்லையா என்பதுதான் அறிகுறியைத் தீர்மானிக்கிறது.

நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்கள் பலவற்றில் காற்றின் அளவை நேராக அளக்கும் கருவி இல்லை. மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை மேப் சென்சார் சொல்ல, இன்ஜினின் வேகத்தையும் காற்றின் வெப்பத்தையும் சேர்த்து, எவ்வளவு காற்று போகிறது என்று கணினி கணக்கிடுகிறது. இத்தகைய இன்ஜினில் எங்காவது ஒரு ஹோஸ் திறந்திருந்தால், உள்ளே அழுத்தம் கூடுவதை மேப் சென்சார் பார்த்துவிடும். கணினியும் அதற்கேற்பப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுத்துவிடும். ஆகவே இன்ஜின் மிஸ்ஸிங் அடிக்காமல், வழவழப்பாகவே, ஆனால் 1500 ஆர்பிஎம்மில் ஓடும். வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது, கசிவு இருக்க முடியாது என்று நினைத்துப் பலர் ஏமாறுவது இதனால்தான்.

த்ராட்டிலுக்கு முன்னால், காற்றின் அளவை நேராக அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் வைத்த இன்ஜினில் கதை தலைகீழ். சென்சாரைத் தாண்டி நுழைந்த காற்று கணக்கில் வராததால் பெட்ரோல் போதாமல் போகும். இன்ஜின் நடுங்கும், சிக்னலில் நின்றால் அணையும், பெட்ரோல் குறைவு என்பதைச் சொல்லும் பி0171 என்ற குறியீடு வரும். இத்தகைய வண்டியில் ஏர் ஃபில்டரிலிருந்து த்ராட்டிலுக்கு வரும் பெரிய ரப்பர் குழாயில் சிறு பிளவு இருந்தாலே போதும். மேப் சென்சார் மட்டும் உள்ள வண்டியில் அதே பிளவு தூசியை உள்ளே விடுமே தவிர, ஸ்லோ ஸ்பீடை மாற்றாது. ஆகவே உங்கள் வண்டியில் எந்தச் சென்சார் இருக்கிறது என்று தெரியாமல் கசிவைத் தேடத் தொடங்கக் கூடாது.

ஸ்கேனரில் பார்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது, மேப் சென்சார் உள்ள வண்டியில், இன்ஜின் நிற்கும்போது சாவியை ஆன் செய்தால் அது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். சென்னையில் 100 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும், ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் 77 அளவில் இருக்கும். சூடான இன்ஜின் ஸ்லோ ஸ்பீடில் ஓடும்போது அது 30 முதல் 40 கிலோபாஸ்கல் வரை இறங்க வேண்டும். ஏசியும் விளக்குகளும் அணைந்திருந்தும் 50ஐத் தாண்டி நின்றால் கசிவைத் தேடலாம். ஊசிமுள் வேக்குவம் கேஜ் வைத்துப் பார்ப்பவர்கள், கடல் மட்டத்தில் 17 முதல் 21 பாதரச அங்குலம் என்ற கணக்கு மலையில் பொருந்தாது என்பதை மறக்கக் கூடாது; ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஒரு அங்குலம் குறையும். உதகையில் 12 அங்குலம் காட்டும் இன்ஜினை நோயாளி என்று சொல்லிவிட முடியாது.

இரண்டாவது, ஃபியூவல் டிரிம், அதாவது கணக்கிட்ட பெட்ரோலைக் கணினி கூட்டியோ குறைத்தோ செய்யும் திருத்தம். மாஸ் ஏர்ஃப்ளோ வகை இன்ஜினில் ஸ்லோ ஸ்பீடில் கூட்டல் 20 சதவீதம் அளவில் நின்று, 2500 ஆர்பிஎம்மில் பிடித்து வைக்கும்போது 5 சதவீதத்துக்கு இறங்கினால், அது காற்றுக் கசிவின் முத்திரை. வேகத்தில் உள்ளே போகும் மொத்தக் காற்றும் பெருகுவதால் கசிவின் பங்கு சிறிதாகிவிடுகிறது. மாறாக, வேகமும் பாரமும் கூடக் கூட டிரிம்மும் ஏறினால், மேனிஃபோல்டை விட்டுவிட்டுப் பெட்ரோல் அழுத்தத்தைப் பாருங்கள்.

இடத்தைக் கண்டுபிடிக்க நான் முதலில் செய்வது, மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் ஹோஸ்களை ஒவ்வொன்றாக, துணி சுற்றிய பிளையரால் மெதுவாக நெரித்துப் பார்ப்பது. இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை இழுக்கும் பிசிவி, பிரேக் மிதிக்க உதவும் பிரேக் பூஸ்டர், பெட்ரோல் ஆவியை இழுக்கும் பர்ஜ் ஹோஸ் ஆகிய மூன்றில் எதை நெரிக்கும்போது இன்ஜின் சத்தம் சட்டென்று மாறுகிறதோ, கோளாறு அந்த ஹோஸின் மறுமுனையில் இருக்கிறது. பிசிவி ஹோஸை நெரித்தால் மட்டும் ஆர்பிஎம் கொஞ்சம் இறங்குவது இயல்பு. ஒரேயடியாக 500, 600 ஆர்பிஎம் குறைந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். எதிலும் மாற்றம் இல்லை என்றால் கேஸ்கட் முகத்துக்குப் போகலாம். கார்புரேட்டர் கிளீனரைத் தெளித்துப் பார்க்கும் முறை பரவலாக இருக்கிறது. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருக்கும் இடத்தில் தீப்பற்றும் திரவத்தை அடிப்பதை நான் ஏற்பதில்லை. மெல்லிய தண்ணீர்த் தெளிப்பான் போதும்: கசிவின் மேல் தண்ணீர் பட்ட நொடியில் உறிஞ்சும் ஓசையும் இன்ஜின் சத்தத்தில் ஒரு தடுமாற்றமும் தெரியும். உள்ளே புகையைச் செலுத்திக் கசிவைக் காட்டும் புகை இயந்திரம் வைத்திருக்கும் பட்டறை அருகில் இருந்தால், இன்ஜினை நிறுத்திவைத்துச் செய்யும் அந்தச் சோதனைக்கு நிகர் எதுவும் இல்லை.

ஒரு வண்டி இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. ஸ்லோ ஸ்பீடு 1600. கேஸ்கட் இரண்டு முறை மாற்றப்பட்டுவிட்டது. பர்ஜ் ஹோஸ் மேனிஃபோல்டின் அடியில், ஃபயர்வால் பக்கம் திரும்பும் வளைவில், நகம் பதிந்தது போன்ற ஒரு கோடு இருந்தது. ஹோஸைக் கையில் எடுத்து நேராகப் பிடித்தால் அந்தக் கோடு மூடிக்கொள்ளும், எதுவும் தெரியாது. அதன் இடத்தில் மாட்டி வளைத்தவுடன் அரிசி அளவுக்கு வாய் திறக்கும். பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சிறு கண்ணாடியையும் டார்ச்சையும் அடியில் விட்டுப் பார்த்தபோதுதான் அது தெரிந்தது. பழைய ரப்பர் ஹோஸ்களைக் கழற்றும்போது இழுக்காமல், முதலில் சுற்றித் திருப்பி விட்டுப் பிறகு உருவ வேண்டும் என்று வற்புறுத்துவது இதற்காகத்தான். ஹோஸைச் சோதிப்பதாக இருந்தால் அது இருக்கும் இடத்திலேயே, அதன் வளைவோடு சோதியுங்கள்.

எந்தக் கசிவும் இல்லாமலும் ஸ்லோ ஸ்பீடு ஏறலாம். மின்னணு த்ராட்டில் உள்ள வண்டியில் பேட்டரியைக் கழற்றியதாலோ, த்ராட்டில் பாடியில் படிந்த கரியைத் துடைத்ததாலோ, கணினி பழகி வைத்திருந்த நிலை மாறிவிடும். ஸ்கேனர் மூலமாகவோ மேனுவல் சொல்லும் சாவி முறையிலோ அதற்கு ஸ்லோ ஸ்பீடைக் கற்றுக்கொடுத்த பிறகே மற்றச் சோதனைகளைத் தொடங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஒரே ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் அடிக்கிறது

குறியீடு பி0301 முதல் பி0304 வரை இருந்தால் கடைசி எண்ணே சிலிண்டரைக் காட்டிக்கொடுக்கும். கேஸ்கட் ஒரு துவாரத்தின் அருகில் மட்டும் படியாமல் இருந்தால், கசியும் காற்று பெரும்பாலும் அந்தச் சிலிண்டருக்குள்ளேயே போகிறது. அதனால் மொத்த டிரிம் அதிகம் மாறாமலேயே அந்த ஒன்று மட்டும் ஸ்லோ ஸ்பீடில் தடுமாறும், ரேஸ் கொடுத்தால் சரியாகிவிடும். அந்தத் துவாரத்தின் மேலும் கீழும் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். கீழ்ப்பக்கம் கண்ணுக்குத் தெரியாததால் பலரும் அதை விட்டுவிடுகிறார்கள்.

எல்லா வேகத்திலும் தடுமாறினால் இணைப்புகளைச் சந்தேகிக்க வேண்டும். இக்னிஷன் காயில் கனெக்டர்கள் இரண்டு இடம் மாறியிருந்தால் இரண்டு சிலிண்டர்களும் தெளிவாக மிஸ்ஸிங் அடிக்கும். இன்ஜெக்டர் கனெக்டர்கள் இடம் மாறியிருந்தாலோ, மூடிய வால்வின் மேல் தெளிக்கப்பட்ட பெட்ரோல் வால்வு திறக்கும்வரை அங்கேயே காத்திருப்பதால், இன்ஜின் ஓரளவு சமாளித்து ஓடிவிடும். லேசான நடுக்கமும் மந்தமும்தான் தெரியும். கனெக்டர் ஏறிய பின் 'டிக்' என்று பூட்டுச் சத்தம் வந்ததா என்பதையும் பாருங்கள். பழைய பிளாஸ்டிக் பூட்டு உடைந்து, கனெக்டர் பாதியில் நிற்பதும் உண்டு.

பிரேக் பெடல் கல்லாக இருக்கிறது

இந்த அறிகுறி இருந்தால் வண்டியை ஓர் அடிகூட நகர்த்தக் கூடாது. பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ் மாட்டப்படவில்லை, அல்லது அதிலுள்ள ஒருவழி வால்வு திருப்பி மாட்டப்பட்டிருக்கிறது. சோதனை எளிது: இன்ஜின் நிற்கும்போது பெடலை நான்கைந்து முறை மிதித்து, கால் எடுக்காமல் அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் தானாகச் சற்றுக் கீழே இறங்க வேண்டும். மேனிஃபோல்டைத் தொட்ட எந்த வண்டியையும், புகார் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்தச் சோதனை முடியாமல் பட்டறையை விட்டு வெளியே விடக் கூடாது.

பெட்ரோல் வாடை

ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே சாவியை இரண்டு மூன்று முறை ஆன் செய்து ஆஃப் செய்தால் ரெயிலில் அழுத்தம் ஏறும்; அப்போது டார்ச் அடித்து, ஒவ்வொரு இன்ஜெக்டரின் கழுத்தையும் உலர்ந்த காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். காகிதம் நனைந்தால் ஓ-ரிங் பிசகிவிட்டது. புது ஓ-ரிங்கில் ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் தடவி, நேராக அழுத்தி இறக்கினால் பிசகாது. இறங்கிய பின் இன்ஜெக்டரைக் கையால் இருபக்கமும் திருப்ப முடிய வேண்டும். பெட்ரோல் சொட்டிக்கொண்டிருக்கும்போது ஸ்டார்ட் செய்வதும், தீப்பொறி கிளம்பும்படி பேட்டரி முனையை அங்கேயே நின்று கழற்றுவதும் ஆபத்து. சாவியை ஆஃப் செய்து, பானெட்டைத் திறந்துவைத்து, ஆவி கலைந்த பிறகே கை வைக்க வேண்டும்.

கூலன்ட் குறைகிறது, சூடு ஏறுகிறது, வெள்ளைப் புகை வருகிறது

பல வண்டிகளில் த்ராட்டில் பாடிக்கு இரண்டு மெல்லிய கூலன்ட் ஹோஸ்கள் வரும். அவற்றின் கிளிப் சரியாக அமராமல் கசிந்தால் சொட்டு இன்ஜினின் பின்பக்கம் இறங்கிவிடும், தரையில் பார்ப்பதற்குள் நிறையக் குறைந்திருக்கும். கசிவு இல்லாமலே சூடு ஏறினால், கூலன்ட் பாதையில் காற்று அடைத்திருக்கிறது. மேனுவல் சொல்லும் இடத்தில் காற்றை வெளியேற்றி மறுபடியும் நிரப்ப வேண்டும்.

மேனிஃபோல்டுக்குள்ளேயே கூலன்ட் பாதை உள்ள இன்ஜின்களில் விஷயம் இன்னும் கடுமையானது. கேஸ்கட் அந்தப் பாதையை ஒட்டிப் படியாவிட்டால் கூலன்ட் நேராகச் சிலிண்டருக்குள் உறிஞ்சப்படும். சூடான பிறகும் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை நிற்காமல் வரும். இரவு நிறுத்திவைத்த வண்டியில் காலையில் செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் 'டக்' என்று பூட்டிக்கொண்டு நின்றால், மறுபடியும் செல்ஃப் அடிக்கவே கூடாது. திரவம் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். ஸ்பார்க் பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றி, இன்ஜினைக் கையால் சுற்றி வெளியேற்ற வேண்டும்.

உள்ளிருந்து உலோகச் சத்தம்

ஸ்டார்ட் ஆனவுடன் ஒரு சிலிண்டரிலிருந்து கணகணவென்று சத்தம் வந்தால், உடனே நிறுத்துங்கள். கழற்றிய நட்டும் வாஷரும் எத்தனை, மாட்டியவை எத்தனை என்று எண்ணினாலே பாதி விடை கிடைக்கும். மேனிஃபோல்டை எடுக்காமல், பிளக் துளை வழியாக, மெல்லிய குழாய்க் கேமராவான போர்ஸ்கோப் விட்டுப் பிஸ்டன் தலையைப் பாருங்கள். காந்தக் கம்பி இரும்பு நட்டை எடுக்கும். அலுமினியத்தையும் பித்தளையையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பலவற்றையும் எடுக்காது. அவற்றுக்கு வேக்குவம் கிளீனரில் மெல்லிய குழாயைப் பொருத்தி உறிஞ்ச வேண்டும். பிளக் துளையில் பெட்ரோல் ஆவி இருக்கும் என்பதால் அதைக் காற்று அடித்துக் கலைத்த பிறகே அந்த வேலை.

செக் இன்ஜின் விளக்கு மட்டும் எரிகிறது

ஸ்கேனரில் உள்நுழையும் காற்றின் வெப்பம் மைனஸ் 40 டிகிரி என்று காட்டினால் அந்தச் சென்சாரின் கனெக்டர் மாட்டப்படவில்லை, குறியீடு பி0113. பி0444 என்றால் பர்ஜ் வால்வின் கனெக்டர். மாட்டிவிட்டுக் குறியீட்டை அழித்தால் போதும்.

காலையில் மட்டும் தடுமாறி, சூடானதும் சரியாகிறது

வேலை முடிந்து இரண்டு மூன்று வாரம் கழித்து வரும் புகார் இது. அலுமினியம் சூட்டில் விரிந்து இடைவெளியை மூடிக்கொள்வதால், பட்டறைக்கு ஓட்டி வருவதற்குள் அறிகுறி மறைந்துவிடும். வண்டியை இரவு முழுவதும் நிறுத்தி, காலையில் முதல் ஸ்டார்ட்டின்போதே தண்ணீர் தெளித்துப் பார்த்தால்தான் பிடிபடும். கசிவு கேஸ்கட் முகத்தில்தான் என்று உறுதியானால், புது கேஸ்கட் மட்டும் போடுவது பயனில்லை. நேர்விளிம்பு ஒன்றை முகத்தின் நீளத்துக்கும் மூலைவிட்டங்களிலும் வைத்து, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். பல மேனுவல்கள் 0.10 மி.மீ. வரை அனுமதிக்கின்றன. அதற்கு மேல் வளைந்த அலுமினிய மேனிஃபோல்டை மெஷின் ஷாப்பில் முகம் சீவலாம். வளைந்த பிளாஸ்டிக் மேனிஃபோல்டை மாற்றத்தான் வேண்டும். இடைவெளியைச் சிலிக்கானால் நிரப்பி அடைப்பது கூடாது, ரப்பர் வளைய கேஸ்கட்டின் மேல் அறவே கூடாது. பெட்ரோல் பட்டு ஊறிய சிலிக்கான் துண்டு துண்டாகப் பிய்ந்து, உள்ளே உறிஞ்சப்பட்டுவிடும்.